நெல்லியும் நாவலும்: அயோடின் துளியால் அளந்த ஒன்பது மாதங்கள்

நேற்று இரவு கடைசிக் குவளையில் நீலம் நிலைத்ததும், அதுவரை விட்ட அயோடின் 2.5 மில்லி என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். ஆவி காட்டி நிழலில் உலர்த்திய நெல்லிக்கு மூன்றாவது முறையும் அதே எண். ஆவி காட்டாமல் நிழலில் காய்ந்ததற்கு 2.1. வெயிலில் காய்ந்ததற்கு 1.2. மூன்று தட்டுகள், மூன்று எண்கள். எண் பெரிதானால் மிஞ்சிய வைட்டமின் சி அதிகம். மூன்று முறை செய்தும் வரிசை மாறவில்லை. ஒன்பது மாதமாக நான் தேடிய விடை இவ்வளவு சிறியதுதான். அதற்கு வந்து சேர்ந்த வழி நீளமானது, அதில் பாதி தவறான வழி. தவறுகளையும் சேர்த்தே எழுதுகிறேன். இதைச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு அவைதான் அதிகம் உதவும்.

கொல்லையில் ஒரு நெல்லி மரமும் ஒரு நாவல் மரமும் நிற்கின்றன. இரண்டும் இந்தத் துணைக்கண்டத்தையும் தென்கிழக்கு ஆசியாவையும் தாயகமாகக் கொண்டவை. வெப்பமண்டலத்திலும் அதை ஒட்டிய துணை வெப்பமண்டலப் பகுதிகளிலும் தாமாகவே வளர்பவை. யாரும் உரம் போட்டதில்லை, மருந்து அடித்ததில்லை. நெல்லி காய்த்தால் நறுக்கி வெயிலில் உலர்த்தி டப்பாவில் போட்டு வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். நாவல் பழுத்தால் தின்றது போக மிச்சம் தரையில் விழுந்து நசுங்கும். இரண்டையும் பற்றி எங்கே படித்தாலும் ‘ஆன்டிஆக்சிடன்ட் நிறைந்தது’, அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள் நிறைந்தது, என்ற ஒரே வாக்கியம் வருகிறது. எவ்வளவு நிறைந்தது, வெயிலில் காய்ந்த பிறகு அதில் என்ன மிஞ்சுகிறது என்று கேட்டால் பதில் இல்லை. எங்கள் டப்பாவில் இருப்பது சத்தா, வெறும் புளிப்பா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது.

வீட்டில் அளக்க முடிந்த ஆன்டிஆக்சிடன்ட் ஒன்று உண்டு: வைட்டமின் சி. அயோடினைக் கண்டால் வைட்டமின் சி அதைப் பிடித்து நிறமற்றதாக்கிவிடும். வைட்டமின் சி தீர்ந்த பிறகு விழும் அடுத்த அயோடின் துளி, கரைசலில் கலந்திருக்கும் மாவுச்சத்தோடு சேர்ந்து கருநீலமாகும். அதுவரை எத்தனை மில்லி அயோடின் போயிற்று என்று எண்ணினால் போதும். பள்ளி ஆய்வகத்தில் பலர் செய்திருப்பார்கள். இதற்கு மேல் எனக்குக் கோட்பாடு தேவைப்படவில்லை.

சாமான்கள் அதிகமில்லை. காயத்துக்குப் போடும் போவிடோன் அயோடின், 5 சதவீதக் கரைசல். இதில் சோப்பு கலந்த வகை ஒன்று உண்டு, அது ஆகாது. நுரைத்துக்கொண்டு நிறத்தை மறைக்கும். 500 மி.கி. வைட்டமின் சி மாத்திரை. சோள மாவு. சிட்ரிக் அமிலத் தூள். ஊசி நீக்கிய 10 மில்லி சிரிஞ்சு ஒன்று, 0.1 மில்லிக் கோடுகள் உள்ள 2 மில்லி சிரிஞ்சு ஒன்று. 0.1 கிராம் வரை காட்டும் டிஜிட்டல் தராசு. கண்ணாடிக் குவளைகள் எட்டு. இவற்றைச் சமையலறைக்குத் திருப்பித் தரவே இல்லை. அயோடின் பட்ட எதையும் வாயில் வைக்கக்கூடாது என்பதால் முதல் நாளே குவளைகளின் அடியில் சிவப்புப் புள்ளி வைத்துவிட்டேன். இதில் கொஞ்சமாவது பணம் கேட்டது தராசு மட்டும்தான்.

முதல் தவறு துளிகளில். இருபது துளி ஒரு மில்லி என்று நம்பி, சொட்டுக்குழாயால் எண்ண ஆரம்பித்தேன். ஒரே நெல்லிச்சாற்றுக்கு முதல் நாள் 61 துளி, மறுநாள் 94, மூன்றாம் நாள் 70. பழம் மாறுகிறது என்று நினைத்தேன். பழம் மாறவில்லை. குழாயை நேராகப் பிடித்தால் துளி ஓர் அளவு, சாய்த்துப் பிடித்தால் வேறு அளவு. தராசில் வெறும் தண்ணீரை வைத்து எண்ணிப் பார்த்தபோது ஒரு மில்லிக்கு 17 துளியும் வந்தது, 26 துளியும் வந்தது. அன்றே சொட்டுக்குழாயை ஒதுக்கிவிட்டு சிரிஞ்சுக்கு மாறினேன். முதலில் 10 மில்லி சிரிஞ்சால் வேகமாக ஊற்றி, நீலம் எட்டிப் பார்த்து மறையத் தொடங்கியதும் 2 மில்லிக்கு மாறி ஒவ்வொரு துளியாக விட வேண்டும். கை பழக ஒரு வாரம் ஆயிற்று.

இரண்டாவது தவறு தண்ணீரில். மாத்திரையைப் பொடித்து 500 மில்லித் தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லிக்கு 1 மி.கி. என்று கணக்கு சுலபம். குழாய்த் தண்ணீரில் கரைத்து வைத்தேன். காலையில் 10 மில்லிக்கு 14.5 மில்லி அயோடின் குடித்த அதே கரைசல் மறுநாள் மாலை 11.9-இல் நின்றது. குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். இரும்பும் செம்பும் துளியளவு இருந்தாலே போதும், வைட்டமின் சி வேகமாகச் சிதையும். அதன் பிறகு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர்தான். அதிலும் அன்றைய கரைசல் அன்றைக்கு மட்டும்.

மூன்றாவது, கஞ்சியில். ஒரு தேக்கரண்டிச் சோள மாவை 100 மில்லிக் கொதிநீரில் கரைத்து, ஆறிய பின் மேலே நிற்கும் தெளிவை மட்டும் எடுக்க வேண்டும். ஐந்து நாள் பழைய கஞ்சியைப் பயன்படுத்திய அன்று, நீலம் வர வேண்டிய இடத்தில் செந்நிறம் கலந்த பழுப்பு வந்தது. மாவுச்சத்து சிதைந்தால் அப்படித்தான் வரும். இப்போது இரண்டு நாளுக்கு ஒருமுறை புதிதாகக் காய்ச்சுகிறேன்.

இவையெல்லாம் சரியான பிறகு அளவுகோல் அசையாமல் நின்றது. 20 மில்லி போவிடோன் அயோடினை 100 மில்லியாக நீர்த்தால், 10 மி.கி. வைட்டமின் சி-க்கு 14.4, 14.6, 14.5. சராசரியாக, ஒரு மில்லி அயோடின் நீர் 0.69 மி.கி. வைட்டமின் சி-க்குச் சமம். அயோடினின் எடையை வைத்துத் தாளில் போட்ட கணக்கும் ஏறக்குறைய இதையே சொன்னது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன். நீர்த்த அயோடின் நாள்பட வலுவிழக்கும் என்பதால், ஒவ்வொரு நாளும் பழத்தைத் தொடுவதற்கு முன் மாத்திரைக் கரைசலை அளந்து இந்த 0.69 நிற்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை அதன் பிறகு விடவில்லை.

அதற்குள் நெல்லிப் பருவம் முடிந்துவிட்டது. கைக்குக் கிடைத்தது கொய்யா. கொய்யா நம் மண்ணின் பழமல்ல, அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதை வைத்துக்கொண்டேன். 10 கிராம் சதையை அரைத்து 100 மில்லியாக்கி, அதில் 10 மில்லி எடுத்தால் 1 கிராம் பழம். 2.9 மில்லியில் பளிச்சென்று நீலம் வந்து அப்படியே நின்றது. 100 கிராமுக்கு 200 மி.கி. கொய்யாவைப்போல ஒழுங்காக விடை சொன்ன பழம் வேறில்லை. அளக்கக் கற்றுக்கொள்கிறவர்கள் இதில் தொடங்குவது நல்லது.

அரைக்கும் விதத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மிக்ஸியில் மூன்று நிமிடம் ஓடவிட்டால் நுரை ததும்பும். அந்த நுரை முழுக்கக் காற்று. காற்றும் சூடும் சேர்ந்து வைட்டமின் சி-யை அங்கேயே தின்றுவிடுகின்றன. பிறகு நெல்லியில் செய்து பார்த்தபோது மிக்ஸிச் சாற்றுக்கு 3.3 மில்லியும், பீங்கான் உரலில் 2 சதவீதச் சிட்ரிக் அமில நீரை ஊற்றி அதற்குள்ளேயே நசுக்கியதற்கு 4.2 மில்லியும் வந்தன. ஒரே காய், ஒரே நாள். அமிலம் சிதைவைத் தாமதப்படுத்துகிறது. கத்தியும் முக்கியம். நான் பழைய இரும்பு அரிவாள்மனையில் நெல்லியை நறுக்க உட்கார்ந்தபோது அம்மா தடுத்தார். “அதில் நறுக்காதே, கை மை பிடித்த மாதிரி ஆகிவிடும்” என்றார். ஆனது. அந்தக் கறுப்பு என்ன என்பதை அப்போது நான் கவனிக்காமல் விட்டேன். ஐந்து மாதம் கழித்து அந்தக் கறுப்பிடமே திரும்பி வர வேண்டியிருந்தது.

ஆனியில் நாவல் உதிரத் தொடங்கியது. இங்கேதான் அதிக நாட்கள் போயின.

நாவல் சாறு மை போல இருக்கிறது. அதில் நீலம் எப்போது வந்தது என்று எப்படிப் பார்ப்பது? நிறத்தை நீக்கிவிட்டால் போதுமென்று மீன்தொட்டி வடிகட்டியில் போடும் செயலூட்டிய கரியைத் தூளாக்கிச் சாற்றில் கலந்து, இருபது நிமிடம் கழித்து வடிதாளில் ஊற்றினேன். கீழே சொட்டியது தண்ணீர் போலத் தெளிந்த நீர். அவ்வளவு அழகான வடிநீரை நான் பார்த்ததில்லை. அதில் முதல் துளி அயோடினை விட்டதுமே கருநீலம். நாவலில் வைட்டமின் சி அறவே இல்லை என்று நோட்டில் எழுதினேன். இரண்டு நாள் அதை நம்பவும் செய்தேன்.

மூன்றாம் நாள் ஒரு சந்தேகம். அதே கரியை மாத்திரைக் கரைசலில் கலந்து வடித்துப் பார்த்தேன். 14.5 வர வேண்டியதற்கு 0.8 வந்தது. பள்ளியில் எனக்கு வேதியியல் நடத்திய ஆசிரியரைத் தொலைபேசியில் அழைத்தேன். “சார், கரி நிறத்தை எடுக்கிறது, கூடவே வைட்டமினையும் எடுக்கிறது” என்றேன். “எடுக்கவில்லை தம்பி, ஆக்சிஜனேற்றம் செய்துவிடுகிறது. ஆய்வகத்தில் வைட்டமின் சி-யை வேண்டுமென்றே மாற்றுவதற்குக் கரியைப் பயன்படுத்தும் முறையே ஒன்று இருக்கிறது. நீங்கள் அளக்க வேண்டியதை அளப்பதற்கு முன்பே முடித்துவிட்டீர்கள்” என்றார். நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல் குறுக்குக் கோடு மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.

சரியான வழி எளிமையானது. சாற்றை அதிகமாக நீர்க்க வேண்டும். பக்கத்தில் அயோடின் விடாத இன்னொரு குவளையை வைத்துக்கொள்ள வேண்டும். 2 கிராம் பழத்துக்கான சாற்றை 100 மில்லிக்கு நீர்த்தபோது, வெள்ளைத் தாளின் மேல் வெளிர் ரோஜா நிறத்தில் இரண்டு குவளைகள் நின்றன. ஒன்றில் மட்டும் துளித்துளியாக அயோடின். ரோஜா நிறம் சட்டென்று ஊதாவுக்குத் திரும்பும் இடத்தைத் தனியாகப் பார்த்தால் கண் தவறவிடும். ஜோடியாக வைத்துப் பார்த்தால் தவறாது. 0.6 மில்லி. 100 கிராமுக்குச் சுமார் 20 மி.கி., கொய்யாவில் பத்தில் ஒரு பங்கு. 0.1 மில்லி பிசகினாலும் இந்த எண் நிறையவே மாறும் என்பதால் இதை ‘20-ஐ ஒட்டி’ என்று மட்டுமே எழுதியிருக்கிறேன்.

களாக்காயையும் இலந்தையையும் போகிற போக்கில் அளந்தேன். களாக்காய் நாவலுக்கும் கீழே, 14 மி.கி. அதன் பால் சிரிஞ்சில் ஒட்டிக்கொண்டு கழுவ விடாமல் பாடுபடுத்தியது. இலந்தை 69.

நாவலைப் பற்றிய மனக்குறை மட்டும் போகவில்லை. நாக்கைக் கறுக்க வைக்கும் பழம், வைட்டமின் சி-யில் கடைசி வரிசைக்காரன். நாவலின் நிறமே ஆந்தோசயனின்கள்தான். டெல்ஃபினிடின், பெட்டுனிடின், மால்விடின் என்ற மூன்றின் சர்க்கரைச் சேர்மங்கள். அவையும் ஆன்டிஆக்சிடன்ட்கள். என் அயோடின் முறை அவற்றைச் சரியாக எண்ணாது. எனவே எண்ண முடியாவிட்டாலும் கண்ணால் பார்க்கலாம் என்று தோலை மட்டும் உரித்து எடுத்தேன். 50 கிராம் தோல், 200 மில்லிச் சிட்ரிக் அமில நீர், ஓரிரவு குளிர்பெட்டியில். காலையில் சிவப்புக் கல் போல மின்னும் சாறு. சதையை அதே அளவு ஊறவைத்ததில் வெளிர் நிறம்தான். நாவலின் செல்வம் தோலில் இருக்கிறது. அந்தச் சாற்றில் சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போடப் போட, சிவப்பு ஊதாவாகி, நீலமாகி, கடைசியில் பச்சைக்குப் போய், அரை மணி நேரத்தில் அழுக்கு மஞ்சளாக வெளிறியது. மஞ்சளான பிறகு அமிலம் ஊற்றினால் பழைய சிவப்பு முழுதாகத் திரும்பவில்லை. நிறம் அங்கே மாறியதோடு நிற்கவில்லை, உடைந்தே போயிருந்தது.

தோல் ஊறிய சாற்றை நான்கு சிறு குப்பிகளில் நிரப்பினேன். ஒன்று குளிர்பெட்டியில், ஒன்று அறையின் இருட்டில், ஒன்று சன்னல் வெயிலில், ஒன்று அமிலமே இல்லாத வெறும் நீரில் ஊறியது, அதுவும் இருட்டில். நான்காம் நாள் வெயில் குப்பி தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டது. அமிலமில்லாதது மங்கிக் கலங்கியது. குளிர்பெட்டிக் குப்பி பறித்த அன்று இருந்ததைப் போலவே இருந்தது. இதற்கு என்னிடம் எண் கிடையாது. நான்கு குப்பிகளின் ஒளிப்படத்தைத்தான் நோட்டில் ஒட்டியிருக்கிறேன்.

ஐப்பசியில் நெல்லி திரும்பி வந்தது. இப்போது முறை கைவந்துவிட்டது, ஒரு நாளில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். 1 கிராம் பழத்துக்கான சாற்றில் 4.2 மில்லியில் நீலம் வந்தது. எழுதப் பேனா எடுத்தேன், திரும்பிப் பார்ப்பதற்குள் நீலம் போய்விட்டது. இன்னும் ஒரு துளி, மறுபடி நீலம், மறுபடி மறைவு. ஒரு நிமிடம் முழுதாக நிற்கும் நீலம் கிடைத்தது 5.8 மில்லியில்தான். முதல் நீலத்தை எடுத்தால் 100 கிராமுக்கு 290 மி.கி., கடைசி நீலத்தை எடுத்தால் 400. கொய்யாவில் இந்தத் தொல்லையே இல்லை.

நெல்லியில் வைட்டமின் சி-க்கு அப்பால், துவர்ப்பைத் தரும் டானின்கள் நிறைய உண்டு. கேலிக் அமிலம், எலாஜிக் அமிலம் சார்ந்தவை. அவையும் அயோடினைத் தின்னும், ஆனால் மெதுவாக. வைட்டமின் சி உடனே தின்கிறது, டானின் பிறகு ஆற அமரத் தின்கிறது. பழைய இந்திய உணவு அட்டவணைகளில் நெல்லிக்கு 600 மி.கி. என்று இருக்கும், தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணையில் அது சுமார் 250-ஆக இறங்கியிருக்கிறது. அவர்கள் அளந்த முறைகளும் பழங்களும் வேறு, என் சமையலறை வேறு. ஆனால் ஒரே குவளையில் 290-உம் 400-உம் கிடைத்த பிறகு, எப்படி அளந்தார்கள் என்று கேட்காமல் எந்த எண்ணையும் என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன்: நீலம் பத்து விநாடி நின்றால் அதுவே முடிவு. கையில் கைக்கடிகாரத்தோடு அந்தப் பத்து விநாடியை எண்ணிய பிறகே நெல்லியின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போயின.

அந்த மெதுவான தின்னிகளைத் தனியாகப் பார்க்க வழி தேடியபோதுதான் அரிவாள்மனையின் கறுப்பு நினைவுக்கு வந்தது. இரும்பும் டானினும் சேர்ந்தால் மை. நூற்றாண்டுக் கணக்காக எழுதப் பயன்பட்ட மை அப்படித்தான் செய்யப்பட்டது. துருப்பிடித்த ஆணிகள் ஐந்தாறை வினிகரில் ஒரு வாரம் போட்டு வைத்து வடித்தேன்; செம்பழுப்பு நீர் கிடைத்தது. அதில் மூன்று துளியை நெல்லிச்சாற்றில் விட்டதும் குவளையே எழுதுமையாகிவிட்டது. கொய்யாவில் லேசான சாம்பல் நிறம். பிறகு ஒவ்வொரு சாற்றையும் பாதிப் பாதியாக நீர்த்துக்கொண்டே போய், எந்தக் குவளை வரை கறுப்பு கண்ணுக்குத் தெரிகிறது என்று எண்ணினேன். கொய்யா மூன்றாவது குவளையோடு நின்றது. நாவல் சதை நான்காவது. ஆனால் நாவலின் நிறமிகளும் இரும்போடு சேர்ந்து நீலம் காட்டும் என்பதால் அந்த நான்கை நான் முழுதாக நம்பவில்லை. நெல்லி ஏழாவது குவளை வரை போனது. அதாவது 128 மடங்கு நீர்த்த பிறகும் கறுப்பு தெரிந்தது.

எட்டாவது குவளை வரை போனது நாவல் கொட்டை. நாம் துப்பிவிடும் கொட்டையைக் காயவைத்துப் பொடித்து அதே எடையில் ஊறவைத்தேன். வைட்டமின் சி-யில் பின்வரிசையில் நின்ற மரம், மைக் குவளை வரிசையில் நெல்லியையே தாண்டிவிட்டது. அன்று மாலை முழுவதும் அந்த எட்டுக் குவளைகளையும் சன்னலோரம் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு முறையில் முதலாவது, இன்னொரு முறையில் பின்வரிசை. ஆன்டிஆக்சிடன்ட் அளவு என்று ஒரே எண்ணைப் போட்டுப் பழங்களை வரிசைப்படுத்தும் பட்டியல்களை இனி என்னால் நம்பிப் படிக்க முடியாது. அமெரிக்க வேளாண்மைத் துறை ஓராக் என்ற ஆன்டிஆக்சிடன்ட் அளவை வைத்துத் தான் பராமரித்து வந்த உணவுப் பட்டியலை 2012-இல் விலக்கிக்கொண்டது. சோதனைக்குழாயில் கிடைக்கும் அந்த எண்ணுக்கும் மனித உடலில் நடப்பதற்கும் நேரடித் தொடர்பு நிறுவப்படவில்லை என்பதும், விற்பனைக்காக அதைத் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதும் அவர்கள் சொன்ன காரணங்கள். என் குவளைகளுக்கும் அதே வரம்பு பொருந்தும். அவை பழத்தில் என்ன இருக்கிறது என்பதில் கொஞ்சத்தைச் சொல்கின்றன. உடம்பில் என்ன செய்யும் என்பதைச் சொல்லாது.

இனி உலர்த்தல். கொட்டை நீக்கிய நெல்லிச் சதை, மூன்று பங்கு, ஒவ்வொன்றும் 500 கிராம். புதுச் சதையில் 100 கிராமுக்கு 290 என்றால் ஒரு பங்கில் 1,450 மி.கி. இருக்க வேண்டும்.

முதல் முயற்சி பூஞ்சையில் முடிந்தது. விரல் பருமனில் வெட்டிய துண்டுகளை அடைமழையில் நிழலில் பரப்பினேன். நாலாம் நாள் வெண்பஞ்சு. முழுத் தட்டையும் எருக்குழியில் கொட்டினேன். அடுத்த முறை 4 மில்லிமீட்டர் தடிமனில் சீவி, வலைத்தட்டில் ஒன்றன்மேல் ஒன்று படாமல் பரப்பி, மேசை மின்விசிறியை ஓடவிட்டேன். மூன்று நாளில் காய்ந்தது. வெயில் தட்டு இரண்டே நாளில். பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் இருமுறை நிறுத்து எடை மாறாவிட்டால் காய்ந்தது என்று கொண்டேன்.

ஆவி காட்டுவதற்கு முன்பு கொதிநீரில் போட்டுப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். 250 கிராம் துண்டுகளை அரை லிட்டர் நீரில் பத்து நிமிடம் வேகவைத்து, காய்களை எடுத்துவிட்டு, கொட்டப் போன தண்ணீரில் 10 மில்லியை அளந்தேன். 4.5 மில்லி அயோடின் குடித்தது. கணக்குப் போட்டால் அந்தத் தண்ணீரில் 155 மி.கி.; காயில் இருந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். தண்ணீரைக் குடிப்பதாக இருந்தால் சரி, கொட்டுவதாக இருந்தால் நஷ்டம். அதனால் இட்லிப் பானைக்கு மாறினேன். ஐந்து நிமிடம் ஆவி. காயிலேயே இருந்து வைட்டமின் சி-யைச் சிதைக்கும் நொதிகளை அந்தச் சூடு அடக்கிவிடுகிறது. சத்து நீரில் கரைந்து போகவும் வழியில்லை.

காய்ந்ததை அளந்த முதல் நாள் பெரிய மகிழ்ச்சி. 2 கிராமை 100 மில்லியில் ஊறவைத்து நசுக்கி, 10 மில்லி எடுத்தால் 0.2 கிராம். நிழலில் காய்ந்ததற்கு 2.1 மில்லி, 100 கிராமுக்கு 725 மி.கி.! உலர்த்தினால் சத்து இரண்டரை மடங்காகிறது என்று வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். அம்மாதான் கேட்டார்: “அரைக் கிலோ போட்டாய், இப்போது கைப்பிடிதானே இருக்கிறது? அந்த மிச்சம் எங்கே போயிற்று?” போனது தண்ணீர். 500 கிராம் 105 கிராமாகச் சுருங்கியிருந்தது. நூறு கிராம் காய்ந்த நெல்லியை நூறு கிராம் பச்சை நெல்லியோடு ஒப்பிட்டது என் பிழை. தட்டுக்குத் தட்டு மொத்தமாகப் பார்க்க வேண்டும்.

அப்படிப் பார்த்தால் கணக்கு இப்படி: நிழல் தட்டு 105 கிராம், மொத்தம் 761 மி.கி., தொடக்கத்தில் இருந்ததில் 52 சதவீதம். வெயில் தட்டு 98 கிராம், 406 மி.கி., 28 சதவீதம். ஆவி காட்டி நிழலில் உலர்த்தியது 102 கிராம், 880 மி.கி., 61 சதவீதம். இத்தனை வருடம் நாங்கள் மொட்டை மாடியில் பரப்பியதில் முக்கால் பங்குக்கு நெருக்கமாகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் ஆணி நீரை மூன்றிலும் விட்டுப் பார்த்தேன்; மூன்றும் கறுத்தன, குவளை வரிசையில் பெரிய வித்தியாசமில்லை. வெயில் வைட்டமின் சி-யைக் கொண்டுபோகிறது, டானினை அந்த அளவுக்குத் தொடவில்லை. வெயிலில் காய்ந்த நெல்லி வெறும் சக்கை என்று சொன்னால் அதுவும் தவறாகிவிடும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை சில. முதலில் தராசு. 2 கிராமை 0.1 கிராம் தராசில் நிறுத்தால் 5 சதவீதப் பிழை அங்கேயே வந்துவிடுகிறது, 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். ஒரே மரத்தின் காய் என்றாலும் வெயில் பட்ட கிளையையும் உட்கிளையையும் கலந்து பறித்துவிட்டேன். பறிக்கும்போதே பிரித்து வைக்க வேண்டும். நாவல் சாற்றை அன்றன்று அளக்க முடியாதபோது உறைபெட்டியில் வைத்தேன், ஆனால் உறைந்து உருகியதால் எவ்வளவு குறைந்தது என்று அளக்கவில்லை. அது பெரிய விடுபாடு. வெயில் தட்டை மெல்லிய கறுப்புத் துணியால் மூடி உலர்த்தினால் இழப்பு ஒளியாலா சூட்டாலா என்று பிரித்துப் பார்க்கலாம். இதையும் செய்யவில்லை. மேசைத் துணியில் விழுந்த அயோடின் கறைக்கு மாத்திரைக் கரைசலில் மிஞ்சியதை ஊற்றினால் போதும், கண்ணெதிரே வெளுக்கும். முதல் மாதமே தெரிந்திருந்தால் இரண்டு துணிகள் தப்பியிருக்கும்.

நாவல் கொட்டைப் பொடி ஒரு குப்பி நிறைய, தேதி எழுதி, குளிர்பெட்டியின் பின் அடுக்கில் இருக்கிறது. வரும் ஆனியில் புதுக் கொட்டையோடு அதையும் சேர்த்து எட்டுக் குவளைகளில் ஊற்றிப் பார்க்க வேண்டும். இன்று காலை மரத்தில் மீதமிருந்த நெல்லியைப் பறித்தோம், நாலரைக் கிலோ. வெளியே நல்ல வெயில். அம்மா இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டு, மாடிக்குப் போகும் கதவைத் தாழிட்டார்.